உலகிலேயே கொடிய பாம்பு எது?

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்கினாலும் பார்க்காமல் இருக்க முடியாது என்பதுதான் வேடிக்கை. தொலைக்காட்சியில் பாம்பு நிகழ்ச்சி வந்தால் ரிமோட் அந்தச் சேனலிலேயே நின்றுவிடும். அதிலும் "உலகின் டாப் 10 விஷப் பாம்புகள்" என்று தலைப்பு வைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம்!

அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் ஒரே பாம்புதான் முதலிடத்தில் இருக்கும். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆளரவமற்ற வறண்ட நிலத்தில் வாழும் உள்நாட்டுத் தைப்பான். ஒரே கடியில் அது செலுத்தும் விஷம் சுமார் நூறு பேரைக் கொல்லப் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

சரி, இந்தப் பாம்பு இதுவரை எத்தனை பேரைக் கொன்றிருக்கிறது?

அது கடித்து ஒருவர்கூட இறந்ததாகப் பதிவு இல்லை!

மறுபக்கம் சுருட்டை விரியன் என்று ஒரு பாம்பு இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கி அரபு நாடுகள் வழியாக இந்தியா, இலங்கை வரை இதன் இனங்கள் பரவியிருக்கின்றன. நீளம் ஒன்றிரண்டு அடிதான். சுருண்டு படுத்திருந்தால் காய்ந்த சருகு போலத் தெரியும். டாப் 10 பட்டியல்களில் இதற்கு இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் உலகிலேயே அதிகம் பேரைக் கொல்லும் பாம்பினங்களின் வரிசையில் இதற்கு எப்போதும் முன்வரிசைதான்.

இது எப்படி? அதிக விஷமுள்ள பாம்பு யாரையும் கொல்லவில்லை. சருகுக்குள் கிடக்கும் சின்னப் பாம்பு ஆயிரக்கணக்கில் கொல்கிறது. விஷத்தின் அளவை வைத்து மட்டும் இதற்கு விடை சொல்ல முடியாது. கடிபட்டவர் யார், எந்த நாட்டில் இருக்கிறார், பக்கத்து ஆஸ்பத்திரியில் மருந்துக் குப்பி இருக்கிறதா... விடை இங்கேதான் இருக்கிறது. பாம்புக்கடி விலங்கியல் பாடத்தில் வருகிற விஷயம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதைப் பொருளாதாரப் பாடத்திலும் சேர்க்க வேண்டும்.

கொஞ்சம் கணக்கு

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுதோறும் சுமார் 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. அவர்களில் 81,000 முதல் 1,38,000 பேர் வரை இறக்கிறார்கள். அதைப்போல மூன்று மடங்கு பேர் கை, கால் இழந்தோ வேறு நிரந்தர ஊனத்தோடோ பிழைக்கிறார்கள்.

இதில் இந்தியாவின் பங்குதான் அதிர்ச்சி. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று 2020-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 58,000 பேர். அதாவது தினமும் சுமார் 160 பேர். தினமும் ஒரு விமானம் விழுந்து 160 பேர் இறந்தால் நாடு சும்மா இருக்குமா? இவர்கள் 160 தனித்தனி வயல்களிலும் குடிசைகளிலும் இறக்கிறார்கள். அதனால் அது செய்தியாவதில்லை.

இப்போது ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். கொடிய விஷமுள்ள பாம்புகள் குவிந்து கிடக்கும் நாடு அது. அங்கே பாம்புக்கடியால் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு பேர். இந்தியாவின் மக்கள்தொகை ஆஸ்திரேலியாவைப் போல சுமார் 50 மடங்கு. அந்த விகிதத்தில் போட்டால் இந்தியாவில் ஆண்டுக்கு 100 பேர்தான் இறக்க வேண்டும். இறப்பது 58,000!

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது என்று யாரும் சொல்லலாம். ஆஸ்திரேலியர்களில் பெரும்பாலோர் நகரவாசிகள். வெறுங்காலோடு நாற்று நடுவதில்லை, தரையில் பாய் விரித்துப் படுப்பதில்லை. உண்மைதான். இந்தியாவில் கடிபடுபவர்களே பல மடங்கு அதிகம். ஆனால் அந்தக் காரணத்தையும் கொஞ்சம் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது வறுமைதான். செருப்பு, டார்ச் லைட், கட்டில், கொசுவலை, வீட்டுக்குள் கழிப்பறை... இவை இருக்கும் வீட்டில் கடி குறைவு. கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வந்து தரையில் தூங்குபவரைக் கடிக்கும் பாம்பு. பல சமயம் கடித்த வலிகூடத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு நிற்கும். ஒரு கட்டிலும் கொசுவலையும் இருந்தால் அந்த உயிர் பிழைத்திருக்கும்.

குதிரையும் பண்டமாற்றும்

பாம்பு விஷத்துக்கு மருந்து உண்டு. அதுவும் நேற்று வந்த மருந்து இல்லை, 130 வருடப் பழசு!

1891-ல் இன்றைய வியட்நாமின் தென்பகுதியில் பெருவெள்ளம் வந்தது. நாகப்பாம்புகள் ஓர் ஊருக்குள் புகுந்து பலரைக் கடித்தன. அப்போது சைகோனில் ஆராய்ச்சிக்கூடம் நடத்திக் கொண்டிருந்த ஆல்பர்ட் கால்மெட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதற்கு மாற்று தேட ஆரம்பித்தார். நாகத்தின் விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விலங்குகளின் உடலில் செலுத்தினார். அந்த விலங்கின் ரத்தம் விஷத்தை எதிர்க்கும் சக்தியைப் பெற்றது. அந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரம்தான் 1890-களின் நடுவில் உலகின் முதல் பாம்புக்கடி மருந்துகளில் ஒன்றானது. இன்றும் அடிப்படை முறை அதேதான். குதிரைக்கு விஷத்தைச் சிறு அளவில் ஏற்றி, ரத்தம் எடுத்து, எதிர்ப்புப் பொருளைப் பிரித்து, குப்பியில் அடைக்கிறார்கள்.

கால்மெட் தன் மருந்து எல்லாப் பாம்புக்கும் உதவும் என்று நம்பினார். பிரேசிலில் வைட்டல் பிரேசில் என்ற மருத்துவர் (ஆமாம், அவர் பெயரிலேயே நாடு இருக்கிறது!) அதைச் சோதித்துப் பார்த்தார். ஆசிய நாகத்துக்கான மருந்து தென் அமெரிக்கப் பாம்புகளிடம் எடுபடவில்லை. எந்தப் பாம்போ அந்தப் பாம்பின் விஷத்தில் செய்த மருந்துதான் வேலை செய்யும் என்று அவர் நிரூபித்தார். இந்தப் பாடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

சாவோ பாவ்லோவில் 1901-ல் தொடங்கிய புட்டான்டான் நிறுவனத்தின் முதல் இயக்குநரும் அவர்தான். மருந்து செய்யப் பாம்பு வேண்டும், பாம்பு காட்டில் இருக்கிறது. அவர் என்ன செய்தார் தெரியுமா? விவசாயிகளிடம் ஓர் ஒப்பந்தம் போட்டார். நீங்கள் பாம்பைப் பிடித்து அனுப்புங்கள், பதிலுக்கு மருந்து தருகிறோம். மரப்பெட்டியில் பாம்பு ரயிலேறி வரும், திரும்பும்போது மருந்து போகும். பாடப்புத்தகத்தில் முதல் அத்தியாயத்தில் வரும் பண்டமாற்று முறைதான்! விற்பவரும் வாங்குபவரும் ஒரே ஆள். அவரிடம் காசு இல்லை என்பதால் மருந்து நிற்கவில்லை.

இருபது வயது இளைஞன்

ஆஸ்திரேலியாவின் கடலோரத் தைப்பான் வேறு வகை. அது மனிதர்களைக் கடித்திருக்கிறது. மருந்து இல்லாத காலத்தில் அதனிடம் கடிபட்டவர் பிழைப்பது அபூர்வம். மருந்து செய்ய உயிரோடு ஒரு தைப்பான் வேண்டும்.

1950 ஜூலையில் கெவின் பட்டன் என்ற 20 வயது இளைஞர் கெய்ர்ன்ஸ் நகருக்கு அருகே ஒரு தைப்பானைக் கையால் பிடித்தார். பைக்குள் போடும்போது அது கடித்துவிட்டது. பாம்பைக் கொல்லாமல் ஆராய்ச்சிக்கு அனுப்ப வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். மறுநாள் இறந்துபோனார். அந்தப் பாம்பு மெல்போர்னுக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் விஷம் ஆராய்ச்சிக்குக் கிடைத்தது. 1955-ல் தைப்பான் மருந்து வந்தது. அதே ஆண்டு கெய்ர்ன்ஸில் தைப்பான் கடித்த ஒரு பள்ளிச் சிறுவன் அந்த மருந்தால் பிழைத்தான்.

கதை இதோடு முடியவில்லை. மருந்தைச் செய்தது 1916-ல் ஆஸ்திரேலிய அரசு தொடங்கிய சீரம் ஆய்வுக்கூடம். 1994-ல் அந்த நிறுவனம் தனியார் கைக்குப் போனது. ஆண்டுக்குச் சில நூறு பேருக்கு மட்டும் தேவைப்படும் மருந்தை எந்தத் தனியார் கம்பெனி ஆசையாகச் செய்யும்? அதனால் அரசு ஒப்பந்தம் போட்டது. விற்கிறதோ இல்லையோ, பாம்புக்கடி மருந்து தயாரிக்கப்பட வேண்டும், அதற்கான பணத்தை அரசு கொடுக்கும். ஆஸ்திரேலியாவில் இரண்டே பேர் இறப்பதன் ரகசியத்தில் பாதி அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது.

"அவர்கள் பணக்காரர்கள், செய்கிறார்கள்" என்று விட்டுவிட முடியாது. மத்திய அமெரிக்காவில் கோஸ்டாரிகா என்ற சின்ன நாடு இருக்கிறது. மக்கள்தொகை ஐம்பது லட்சத்தைச் சுற்றி. காட்டிலும் காப்பித் தோட்டத்திலும் டெர்சியோபெலோ என்ற கொடிய விரியன் உண்டு. 1970-ல் அங்கே குளோடோமிரோ பிக்காடோ நிறுவனம் தொடங்கப்பட்டது. அதை நடத்துவது மருந்துக் கம்பெனி இல்லை, கோஸ்டாரிகா பல்கலைக்கழகம்! மருந்தை அங்கேயே செய்கிறார்கள், பொது மருத்துவக் காப்பீட்டு அமைப்பு வாங்கி ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கிறது. கடிபடுபவர்கள் ஆண்டுக்குச் சில நூறு பேர். இறப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பல்கலைக்கழகம் தன் நாட்டுக்கு இதைவிடப் பெரிதாக என்ன செய்துவிட முடியும்?

சந்தை கைவிட்ட மருந்து

சந்தையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்கா உதாரணம்.

பிரான்ஸின் சனோஃபி கம்பெனி 'ஃபேவ் ஆஃப்ரிக்' என்ற மருந்தைத் தயாரித்தது. சகாராவுக்குத் தெற்கே உள்ள பத்து வகைப் பாம்புகளுக்கு ஒரே மருந்து. நல்ல மருந்து என்று மருத்துவர்கள் நம்பினார்கள். 2014-ல் கம்பெனி உற்பத்தியை நிறுத்தியது. விலை குறைந்த போட்டி மருந்துகளோடு போட்டிபோட முடியவில்லை என்றார்கள். கடைசியாகத் தயாரித்த குப்பிகள் 2016 ஜூனில் காலாவதியாகும் என்று எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு முன்கூட்டியே எச்சரித்தது. ஒரு நோயாளிக்கான சரியான சிகிச்சைக்கு 250 முதல் 500 டாலர் ஆகும் என்று அந்த அமைப்பு 2015-ல் சொன்னது. தினக்கூலிக்கு மாடு மேய்ப்பவர் எங்கே போவார்?

விலை குறைந்த போட்டி மருந்துகள் இருந்தனவே, அது நல்லதுதானே என்று தோன்றலாம். கானா நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே ஒரு பகுதியில் பழைய மருந்துக்குப் பதிலாக விலை குறைந்த புதிய மருந்து வந்தது. 2004-ல் பாம்புக்கடி நோயாளிகளில் 1.8 சதவீதம் பேர் இறந்தார்கள். புதிய மருந்து வந்தபின், 2006-ல், அது 12.1 சதவீதம்! அந்த மருந்து இந்தியாவில் செய்யப்பட்டது. இந்தியச் சுருட்டை விரியன் வேறு, மேற்கு ஆப்பிரிக்கச் சுருட்டை விரியன் வேறு. வைட்டல் பிரேசில் நூறு வருடத்துக்கு முன்பே நிரூபித்த பாடத்தை மனித உயிர்களைக் கொடுத்து மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. மருந்து விலை அதிகம் அல்லது வேலை செய்வதில்லை. எனவே ஆஸ்பத்திரி வாங்கி வைப்பதில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று தெரிந்ததும் மக்கள் நாட்டு வைத்தியரிடம் போகிறார்கள். நோயாளி வராததால் மருந்து விற்பனை குறைகிறது. விற்பனை குறைந்ததால் கம்பெனி உற்பத்தியைக் குறைக்கிறது, விலையைக் கூட்டுகிறது. மறுபடி முதலிலிருந்து...

பொருளாதாரத்தில் டிமாண்ட் என்றால் வெறும் தேவை கிடையாது, வாங்கும் சக்தியோடு சேர்ந்த தேவை. கார் வேண்டும் என்று ஆசைப்படுபவர் எல்லாம் கார் சந்தையின் டிமாண்ட் ஆகிவிட மாட்டார். காருக்கு இது சரி. பாம்பு கடித்துக் கிடக்கும் விவசாயிக்கும் இதே விதியா? அவருக்குத் தேவை இருக்கிறது, அதுவும் அடுத்த சில மணி நேரத்துக்குள். கையில் பணம் இல்லை என்பதால் சந்தையின் கண்ணுக்கு அவர் தெரிவதே இல்லை.

பணம் இருந்தாலும் சில நேரம் இதே கதைதான். அமெரிக்காவில் பவளப் பாம்புக்கான மருந்தைச் செய்த கம்பெனி 2003-ல் உற்பத்தியை நிறுத்தியது. கடிபடுபவர்கள் கொஞ்சம் பேர், லாபம் இல்லை. இருந்த கையிருப்பின் காலாவதித் தேதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் திரும்பத் திரும்ப நீட்டித்துக் கொண்டே போனது. அமெரிக்காவுக்கே இந்தக் கதி!

விலை மலிவு, செலவு அதிகம்

இந்தியாவில் மருந்து இல்லையா? இருக்கிறது. பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து ஒரே மருந்து.

இந்த மருந்துக்கான விஷத்தின் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்துதான் போகிறது. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் இருளர்கள் தோல் வியாபாரத்துக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1970-களில் சட்டம் அதைத் தடை செய்தது, பிழைப்பு போனது. ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியில் 1978-ல் இந்தச் சங்கம் உருவானது. பாம்பைப் பிடித்துச் சில வாரம் பானையில் வைத்து, சில முறை விஷம் எடுத்து, அடையாளம் இட்டு மறுபடி காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு அரசு அனுமதி வேண்டும். 2023-ல் இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. நாடு முழுக்க உயிர் காக்கும் மருந்தின் மூலப்பொருள் பள்ளிப் படிப்பே எட்டாத மக்களின் அறிவிலிருந்து வருகிறது என்பதை எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்?

ஆனால் சிக்கல் இரண்டு இருக்கிறது.

ஒன்று, விஷம் ஊருக்கு ஊர் மாறும். தெற்கில் பிடித்த பாம்பின் விஷத்தில் செய்த மருந்து அதே வகைப் பாம்புக்கு வடக்கிலோ மேற்கிலோ அதே அளவு வேலை செய்வதில்லை. வடகிழக்கு மாநிலங்களில் படத்தில் ஒற்றை வட்டம் உள்ள நாகம் உண்டு. மேற்கு ராஜஸ்தானில் சிந்துக் கட்டுவிரியன் உண்டு. இவற்றின் விஷம் இப்போதைய மருந்துக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கானாவில் நடந்தது இந்தியாவுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது.

இரண்டாவது, மருந்தின் வீரியம். விதிப்படி 1 மில்லி மருந்து கண்ணாடி விரியனின் 0.6 மில்லிகிராம் விஷத்தை முறிக்க வேண்டும். ஒரு குப்பியில் 10 மில்லி, அதாவது ஒரு குப்பி முறிப்பது 6 மில்லிகிராம். கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாகச் செலுத்துவது 63 மில்லிகிராம். கணக்குப் போட்டால் பத்துக் குப்பிக்கு மேல் வேண்டும். பலருக்கு இருபதும் ஏற்றுகிறார்கள். குப்பி விலை மலிவு, ஆனால் ஓர் உயிரைக் காப்பாற்றும் செலவு மலிவு இல்லை. ஒரு குப்பிக்கு என்ன விலை என்று கேட்டு வாங்கும் அரசு, ஒரு மில்லிகிராம் விஷத்தை முறிக்க என்ன விலை என்று கேட்டு வாங்கினால் கம்பெனிகளும் வீரியத்தைக் கூட்டப் பார்க்கும். இப்போது அவர்களுக்கு அதற்கு என்ன அவசியம்?

அறியாமை என்ற சாக்கு

பாம்புக்கடிச் சாவு என்றதும் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. "ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை, மந்திரிக்கப் போகிறார்கள்." இதில் உண்மை இல்லாமல் இல்லை. கடிவாயைக் கீறுவது, வாய் வைத்து உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, நடக்க விடாமல், நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதுதான் சரி. இதை ஒவ்வொரு பள்ளியிலும் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால் மந்திரிப்பவர் அதே தெருவில் இருக்கிறார், நடு இரவிலும் கதவைத் திறக்கிறார். மருந்துள்ள ஆஸ்பத்திரி நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. வண்டி கிடைத்துப் போய்ச் சேர்ந்தால் "இங்கே மருந்து இல்லை, மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்கிறார்கள். இப்படி ஒருமுறை அலைந்த ஊரில் அடுத்தமுறை யாரிடம் போவார்கள்? அதை அறியாமை என்று சொல்லலாமா? அனுபவம் என்றுதான் சொல்ல வேண்டும். இந்தியாவில் பாம்புக்கடியால் இறப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்தில், ஆஸ்பத்திரிக்கு வெளியே இறக்கிறார்கள் என்று அந்த 2020 ஆய்வும் சொல்கிறது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காதவர் ஆஸ்பத்திரிக் கணக்கில் வர மாட்டார். கணக்கில் வராதவருக்கு யாரும் மருந்து ஒதுக்க மாட்டார்கள்.

இன்னொரு கூட்டம் பாம்புகளையே ஒழித்துவிட வேண்டும் என்கிறது. பாம்பு போனால் எலி பெருகும், நெல் போகும். கண்ணாடி விரியன் வயலுக்கு வருவதே எலிக்காகத்தான். விவசாயிக்கு அது இலவசக் காவல்காரன், கொஞ்சம் ஆபத்தான காவல்காரன்.

என்ன செய்யலாம்?

மாற்றம் தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2017-ல் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030-க்குள் சாவையும் ஊனத்தையும் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று 2019-ல் இலக்கு வைத்தது. இந்திய அரசும் அதே இலக்கோடு 2024 மார்ச்சில் தேசியத் திட்டம் ஒன்றை அறிவித்தது. கர்நாடகமும், 2024 நவம்பரில் தமிழ்நாடும், பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கின. இனி அரசு, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் கணக்குச் சொல்ல வேண்டும். எந்தத் தாலுகாவில் எத்தனை கடி என்று தெரிந்தால்தான் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை குப்பி வைப்பது என்று தெரியும். கணக்கு எழுதுவதில்தான் எல்லாமே ஆரம்பிக்கிறது என்பது வணிகவியல் படிப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை!

ஆனால் கணக்கு எழுதினால் மட்டும் குப்பி வந்துவிடாது. ஆஸ்திரேலியாவும் கோஸ்டாரிகாவும் செய்தது ஒன்றுதான். பாம்புக்கடி மருந்தை அவர்கள் கடைச்சரக்காகப் பார்க்கவில்லை, தீயணைப்பு வண்டி போலப் பார்த்தார்கள். ஊரில் தீப்பிடிக்காத வருடத்தில் தீயணைப்பு நிலையம் நஷ்டம் என்று யாரும் இழுத்து மூடுவதில்லை. இத்தனை குப்பி, இந்த வீரியம், இந்த விலை, இத்தனை ஆண்டுக்கு என்று அரசு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டால் கம்பெனிக்கும் பயம் இல்லை, நோயாளிக்கும் பயம் இல்லை. வடகிழக்கு, மேற்கு, தெற்கு என்று அந்தந்தப் பகுதிப் பாம்பின் விஷத்தில் மருந்து செய்ய, இருளர் சங்கம் போல அந்தந்தப் பகுதியில் அமைப்புகள் வேண்டும். அரசு ஒப்பந்தத்தில் ஊழல் வராதா, காலாவதிக் குப்பி வராதா என்று கேட்டால், வரலாம். அதற்குத் தணிக்கை இருக்கிறது. சாவுக்குத் தணிக்கை கிடையாது.

கடைசியாக, தலைப்பில் கேட்ட கேள்வி. உலகிலேயே கொடிய பாம்பு எது?

டாப் 10 பட்டியல் எதுவும் இதற்குச் சரியான பதில் சொல்லாது. பக்கத்து ஆஸ்பத்திரியில் எந்தப் பாம்புக்கு மருந்து இல்லையோ, அந்தப் பாம்புதான் உலகிலேயே கொடிய பாம்பு. அதன் நீளம் ஓர் அடியாக இருந்தாலும் சரி.